மாப்பிள்ளை ரூம்ல சொன்ன சாட்சி

கடல்ல ரெண்டு கப்பல் மோதிக்கினதுக்கு உத்திரமேரூர் கல்யாண மண்டபத்துல உக்காந்து சாட்சி சொன்னவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அதுவும் மாப்பிள்ளை ரூம்ல. சிரிப்பு வருதா? வரட்டும். எனக்கும் மொதல்ல வந்துச்சு.

எனக்கு ஊர் திருப்புலிவனம். எங்க வூட்ல எல்லாம் ஏர் புடிச்ச கை. நான் ஒருத்தன்தான் இந்த சேத்துல நம்மால ஆவாதுன்னு ஓடிப்போயி கப்பல்ல சேந்தேன். பதினாறு வருஷம். ஏ.பி.ன்னு எங்க வேலைக்குப் பேரு. ஊர்ல அது என்னமோ பெரிய பட்டம்னு நெனைச்சுக்கினு கீறாங்க, நானும் இல்லன்னு சொன்னதில்ல. துரு சொரண்டணும், பெயிண்ட் அடிக்கணும், கயிறு இழுக்கணும். அப்பால லுக்-அவுட். கப்பலை ஓட்டற மேல் ரூமுக்கு பிரிட்ஜ்னு பேரு. அங்க ஆபீசர் பக்கத்துல நின்னுகினு கண்ணை எடுக்காம கடலைப் பாக்கணும், எதுனா தெரிஞ்சா ஒடனே சொல்லணும். பாக்கணும், சொல்லணும். அவ்ளோதான் வேலை. அந்த வேலையை அன்னிக்கு நான் செஞ்சனா இல்லியான்றதுதான் கேஸே.

மோதின எங்க கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தவரு மாகறல்காரரு. நெனைச்சுப் பாருங்க. எங்கியோ நடுக்கடல்ல, எந்தெந்த நாட்டுக்காரனோ உக்காந்து துன்னுகினு கீற மெஸ்ஸுல, ஒரு ஆபீசர் என் ஃபைலைப் பாத்துட்டு வந்து, "நீங்க திருப்புலிவனமாணா?"ன்றாரு. எங்க பஸ் ஸ்டாப்புல ஏறினா அரைமணி கூட ஆவாது அவரு ஊருக்கு. வயசு முப்பதுதான் இருக்கும். கல்யாணமாயி ஒரு வருஷம். நாலு பேர் எதுர்ல அவரு எனக்கு சார். யாரும் இல்லன்னாலும் நான் சார்னுதான் சொல்லுவேன், அவருதான் அண்ணான்னுடுவாரு. நான் வூட்டுக்குப் போன் பேசிட்டு வந்தா மொத கேள்வி, ஏரி ரொம்பிச்சாணா? எங்க ஊர் ஏரி ரொம்பினா அவருக்கு இன்னா? அவுங்க ஊருக்குச் செய்யாத்துத் தண்ணி. கேக்கறதுக்கு ஒரு ஆளு கெடைச்சுதேன்னு கேப்பாரு.

இப்ப ஒண்ணு சொல்றேன், கவனிச்சுக்கோங்க, எல்லாம் இதுலதான் மாட்டிக்கிச்சு. லுக்-அவுட் நின்னவன் வேலை முடிஞ்சதும் ஒரு தாள்ல கையெழுத்து போடணும். நாளுக்கு ஒரு கட்டம். எங்க கப்பல்ல எவனும் தெனம் போட்டதில்ல. மாசம் பொறந்த அன்னிக்கே அந்தத் தாளை மெஸ் டேபிள்ல வெச்சிடுவாங்க. நாஷ்டா துன்னுகினே முப்பது கட்டத்துலயும் ஒரே பேனாவுல இழுத்துட்டுப் போவோம். அப்பால நீ நின்னாலும் நின்ன, நிக்கலன்னாலும் நின்ன. பகல்ல எவன் நிக்கிறான்? பகல்ல லுக்-அவுட்டைக் கீழ எறக்கி வேற வேலை வாங்கறது வழக்கம். ஆபீசர் ஒருத்தரே மேல பாத்துக்குவாரு. வெளிச்சம் நல்லா இருந்தா அது தப்பும் இல்ல. மழையோ பனியோ வந்து கண்ணு தெரியலன்னா மட்டும் ஆளை மேல கூப்புட்டுக்கணும், அது சட்டம். செகண்ட் ஆபீசரும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பிரிட்ஜுக்கு ஏறினதும் லாக் புக்குல லுக்-அவுட் நிக்கிறாருன்னு எழுதிட்டுத்தான் மத்ததைப் பாப்பாரு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதினாரு. கேப்டனுக்குத் தாள் சுத்தமா இருக்கணும்.

அன்னிக்கு நெலக்கரியை எறக்கிட்டு காலிக் கப்பலாப் போயிக்கினு இருந்தோம். அடுத்த துறைமுகத்துல கோதுமை ஏத்தணும். கரி கெடந்த எடத்துல கோதுமை போடணும்னா எப்படிக் கழுவணும்னு பாத்துக்கோங்க. ஒரு பொட்டு கரி இருந்தாலும் சரக்கு ஏத்த மாட்டாங்க. மறுநாள் காலைல சோதனை. கேப்டன் நாலு நாளா எங்களை வறுத்தெடுத்துக்கினு இருந்தாரு. நானு, எங்க மேஸ்திரி, அவனுக்கு போசன்னு பேரு, இன்னும் ரெண்டு பேரு, மூணாம் நம்பர் ஹோல்டுக்குள்ள கீறோம். ஹோல்டுன்னா சரக்கு கொட்டற கெணறு மாதிரியான அறை. மேல மூடியைச் சாத்திட்டு, உள்ள லைட்டு போட்டுக்கினு ஓஸ் புடிச்சுத் தண்ணி அடிச்சுக்கினு இருந்தோம்.

மணி ரெண்டு இருக்கும். மூடி மேல மழை கொட்டற சத்தம் கேட்டுச்சு. போசன் இடுப்புல வாக்கி-டாக்கி. அதுல செகண்ட் ஆபீசர் குரல் வந்துச்சு. மழைல ஒண்ணும் தெரியல, லுக்-அவுட்டை மேல அனுப்புன்றாரு. போசன் ஓஸை நிறுத்தச் சொல்லிட்டு என்னைப் பாத்தான். நான் ஏணிகிட்ட போயி கால் வெச்சிட்டேன். அப்பதான் அதே வாக்கி-டாக்கில கேப்டன் குறுக்க பூந்தாரு. "ஹோல்டு முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தனும் மேல வரக் கூடாது." செகண்ட் ஆபீசர் இன்னொரு தபா கேட்டாரு, சார், கண்ணே தெரியல சார்ன்னு. கேப்டன்கிட்டருந்து பதில் இல்ல. நான் ஏணில வெச்ச காலை எடுத்துட்டு வந்து மறுபடி ஓஸைப் புடிச்சேன்.

இதை என் ரெண்டு காதால கேட்டேன். மத்த மூணு பேரும் கேட்டாங்க.

இருவது நிமிஷம் கழிச்சு இடிச்சுது. சத்தம்னு சொல்ல முடியாது, காலுக்குக் கீழ இரும்பு நகந்துச்சு. நாலு பேரும் கரித்தண்ணில வுழுந்தோம். ஏறி மேல வந்து பாத்தா மழை வுட்டுப் போயிருந்துச்சு. எங்களுக்கு எதுர்ல சிமெண்டு ஏத்தின சின்ன கப்பல் ஒண்ணு ஒருக்களிச்சுக்கினு கெடந்துச்சு. எருமை ஏரில எறங்கற மாதிரி அவசரமே இல்லாம எறங்குச்சு. அதுல இருந்த பத்து பேர்ல ஆறு பேரை எங்க படகுல இழுத்துப் போட்டோம். நாலு பேரு வரவே இல்ல. நான் இழுத்த ஒருத்தன் என் சட்டையைப் புடிச்சவன் வுடவே இல்ல, அவன் பாஷைல எதையோ கேட்டுக்கினே இருந்தான். அவன் கூடப் பொறந்த அண்ணன் அந்த நாலு பேர்ல ஒருத்தன்னு அப்பால தெரிஞ்சுது.

கிட்ட இருந்த நாட்டுத் துறைமுகத்துக்கு இட்டுகினு போனாங்க. மூணாம் நாள் கம்பெனி ஆள் ஒருத்தன் கோட்டு போட்டுகினு ஏறி வந்தான். ஒவ்வொருத்தனையா கேப்டன் ரூமுக்குக் கூப்புட்டு டைப் அடிச்ச தாளை நீட்டினான். என் தாள்ல, மோதின நேரத்துல நான் பிரிட்ஜ்ல நின்னுகினு இருந்ததா எழுதியிருந்துச்சு. இங்கிலீஷு தெரியாம கையெழுத்து போட்டுட்டேன்னு ஊர்ல சொல்லிக்கினு கீறேன். பொய். படிச்சேன், புரிஞ்சுது. கேப்டன் பக்கத்துல நின்னுகினு, லுக்-அவுட் தாள்லயும் நீதானப்பா போட்டு வெச்சிருக்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா உனக்குத்தான் நல்லதுன்னாரு. போட்டேன்.

பிரிட்ஜ்ல பேசறதை எல்லாம் பதிவு பண்ற பொட்டி ஒண்ணு கீது. மோதினதும் ஒரு பட்டனை அமுக்கினா அந்தப் பேச்சு அழியாம நிக்கும். யாரும் அமுக்கல. பதட்டத்துல மறந்துட்டேன்னாரு கேப்டன். அது மேலயே புதுப் பேச்சு ஏறி பழசு போயிடுச்சு. எங்க வாயி மட்டும்தான் மிச்சம். போசன் என்னடான்னா, ஓஸ் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல வுழலன்னு எழுதிக் குடுத்துட்டான். மத்த ரெண்டு பேரும் அதையே சொன்னாங்க. நாலு மாசம் வெச்சிருந்துட்டு எல்லாரையும் அனுப்பினாங்க, கேப்டன் உள்பட. செகண்ட் ஆபீசரை மட்டும் புடிச்சு வெச்சிக்கினாங்க. நாலு சாவுக்கு அவருதான் காரணம்னு கேஸு.

ஊர் வந்து சேந்து ஒரு வருஷம் சும்மா கெடந்தேன். என் சி.டி.சி. புக்கை கம்பெனி புடிச்சு வெச்சிருந்துச்சு. கப்பல்காரனுக்கு அதுதான் எல்லாம், அது இல்லன்னா எந்தக் கப்பல்லயும் கால் வெக்க முடியாது. ஊர்ல எவன் எதுர்ல வந்தாலும் அடுத்த கப்பல் எப்பன்னு கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினான்.

அப்பதான் மாகறல்லருந்து செகண்ட் ஆபீசர் சம்சாரம் ஸ்கூட்டில வந்தா. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை நான் பாத்ததில்ல. உள்ள வந்து சேர்ல உக்காந்து, பையிலருந்து ஒரு நோட்டை எடுத்தா. கேஸைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சதை எல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருந்தா. அவருக்கு அங்க வக்கீல் ஒருத்தரை கோர்ட்டே குடுத்திருக்குதாம். லுக்-அவுட் வந்து இன்னா சொல்றாரோ அதுலதான் கேஸே நிக்குதுன்னு அந்த வக்கீல் சொல்லியிருக்காரு. ஆளைக் கேட்டும் குடுக்கலன்னா பழி கேப்டனுக்குப் போகும், ஆளு பக்கத்துல இருந்தும் மோதினாருன்னா இவரு செயிலுக்குப் போவாரு. வாக்கி-டாக்கில நடந்ததை நான் அவகிட்ட ஒண்ணு வுடாம சொன்னேன். எழுதிக்கினே அழுதா. எழுந்து போகும்போது சொன்னா: "எங்களுக்காக ஒண்ணும் சேத்து சொல்ல வேணாணா. நடந்ததைச் சொல்லுங்க, போதும்."

சொல்றேம்மான்னேன். கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணல, அவ்ளோதான் பாக்கி. என் பொண்டாட்டியும் பக்கத்துல நின்னுகினு, அவரு சொல்லுவாரு, நீ தைரியமா போன்னு அனுப்பி வெச்சா. அன்னிக்கு நான் நெசமாத்தான் சொன்னேன். அதை யாரும் நம்ப வேணாம், எனக்குத் தெரியும்.

ரெண்டு மாசத்துல கம்பெனி வக்கீல் போன் பண்ணாரு. கோர்ட்டுல வீடியோலயே சாட்சி எடுத்துக்கறாங்களாம். கரண்ட் போகாத, நெட்டு நிக்கற எடமா வேணும்னாரு. எங்க ஊர்ல அப்படி ஒரு எடம் எங்க கீது? உத்திரமேரூர்ல புதுசா கட்டின மண்டபத்துல ஜெனரேட்டரும் கீது, மாப்பிள்ளை ரூம்ல ஏ.சி.யும் கீது. மறுநாள்தான் முகூர்த்தம், அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ரூம் காலி. வாட்ச்மேன் சாவியைக் குடுத்துக்கினே மாப்பிள்ளை யாருன்னு கேட்டான். நான்தான்டான்னேன்.

காலைல பொண்டாட்டி விபூதி வெச்சு அனுப்பினா. வெள்ளை சட்டை. வக்கீலு, மொழி பெயர்க்கறதுக்கு ஒரு ஆளு, நான் நான்தான்னு பாத்து முத்திரை போட ஒரு நோட்டரி, மூணு பேரும் கார்ல வந்து எறங்கினாங்க. அந்த ரூம்ல கண்ணாடியைச் சுத்தி பல்பு, சுவத்துல ரோஜாப்பூ ஸ்டிக்கரு. வக்கீல் என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்புட்டு, பையிலருந்து என் சி.டி.சி. புக்கை எடுத்துக் காட்டினாரு. இதை உங்க கையில குடுத்துட்டுப் போகத்தான் கொண்டாந்தேன்னாரு. அப்பால, பொறுமையா, வாத்தியார் மாதிரி சொன்னாரு. நிக்காத எடத்துல நின்னதா கையெழுத்து போட்டா அந்த நாட்டுல அது தனிக் குற்றமாம், நாலு சாவு சேந்தா ரொம்பப் பெருசாம், ஆளை அனுப்புன்னு கேட்டா நம்ம சர்க்காரும் யோசிக்குமாம். பொய் சொல்லுன்னு அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லல. அதான் வக்கீலு.

அப்பவும் நான் உண்மையைச் சொல்றதாத்தான் இருந்தேன்.

லேப்டாப்புல நாலு கட்டம். ஒண்ணுல ஜட்ஜம்மா. ஒண்ணுல அரசாங்க வக்கீலு. ஒண்ணுல நான், எனக்குப் பின்னாடி ரோஜாப்பூ. கடைசிக் கட்டத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள செகண்ட் ஆபீசர், ரெண்டு பக்கமும் போலீஸு, கூண்டுக்கு முன்னாடி அவரு வக்கீலு. முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. சட்டை தோள்ல நிக்கல. என்னைப் பாத்ததும் தாடையை லேசா ஆட்டினாரு, மெஸ்ஸுல எதுர்ல வந்தா ஆட்டற மாதிரி.

மொதல்ல அந்த லுக்-அவுட் தாளை ஸ்கிரீன்ல காட்டினாங்க. இது உங்க கையெழுத்தான்னாங்க. ஆமான்னேன். இது? ஆமா. இது? ஆமா. முப்பது கட்டத்தையும் ஒண்ணொண்ணா கேட்டாங்க. ஆமா, ஆமான்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு காஞ்சுபோச்சு. கேப்டன் ரூம்ல போட்ட தாளைக் காட்டினாங்க. அதுக்கும் ஆமா. அப்பறம் கேட்டாங்க, கப்பல் மோதின நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?

வாயைத் தெறந்தேன். ஹோல்டுன்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. அப்பப் பாத்து கீழ மேடையில எவனோ மைக்கைத் தட்டி, ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்னு கத்த ஆரம்பிச்சான். அது இன்னா சத்தம்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. இங்க நாளைக்குக் கல்யாணம்னு மொழிபெயர்ப்பு ஆளு சொன்னான். ஜட்ஜம்மா சிரிச்சாங்க, சத்தம் அடங்கட்டும், காத்திருக்கலாம்னாங்க. நோட்டரி கீழ எறங்கிப் போனாரு. எல்லாரும் காத்துக்கினு இருந்தோம்.

அந்த ரெண்டு நிமிஷம் கெடைக்காம இருந்தா நான் சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு நிமிஷத்துல முப்பது கையெழுத்தும் கண்ணு முன்னாடி வந்துச்சு, அந்தக் கண்ணாடிக் கூண்டும் வந்துச்சு, அதுல அவரு பக்கத்துல நான் நிக்கிறதும் வந்துச்சு. சரி, இப்படி செஞ்சா இன்னான்னு ஒரு புத்தி போச்சு. பிரிட்ஜ்லதான் இருந்தேன்னு சொல்லுவோம், தாளும் பேச்சும் ஒண்ணாப் போயிடும். ஆனா மழைல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலன்னுடுவோம். தெய்வச் செயலு, யார் மேலயும் தப்பு இல்ல. அவரும் தப்பிச்சாரு, நானும் தப்பிச்சேன். என்னா மூளை பாருங்க எனக்கு.

மைக் நின்னுச்சு. மறுபடி கேட்டாங்க. "பிரிட்ஜ்ல இருந்தேன்"ன்னேன்.

கூண்டுக்குள்ள அவரு கண்ணை மூடித் தெறந்தாரு. அரசாங்க வக்கீலு நான் நெனைச்ச எடத்துக்கே வரல. அந்த சின்ன கப்பல் மழைல சங்கு ஊதிக்கினேதான் வந்துச்சாம், தப்பிச்ச ஆறு பேரும் சொல்லியிருக்காங்களாம். லுக்-அவுட்டுன்னா கண்ணு மட்டும் இல்ல, காதும்தான. உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியான்னாங்க. கேக்கலன்னா நான் நின்னுகினே தூங்கினவன், நாலு சாவு என் தலையில. கேட்டுச்சுன்னா அடுத்த கேள்வி எனக்கே தெரியும். பக்கத்துல உக்காந்துகினு இருந்த கம்பெனி வக்கீலுக்கு இது மொதல்லயே தெரியும், அதனாலதான் அந்த ஆளு வராண்டாவுல அவ்ளோ பொறுமையா இருந்தான். ஒரு பொய்யோட நிறுத்திக்கலாம்னு வந்த முட்டாளு நான் ஒருத்தன்தான்.

கேட்டுச்சுன்னேன். ஆபீசர்கிட்ட சொன்னீங்களான்னாங்க.

"சொன்னேன்."

அவரு என்ன பண்ணாருன்னாங்க. ஒண்ணும் பண்ணலன்னேன். என் வாயாலதான் சொன்னேன். ஊர்ப்பேச்சுல, பக்கத்து ஊர்க்காரனைப் பாத்துகினே சொன்னேன். மொழிபெயர்ப்பு ஆளு அதைத் திருப்பிச் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தக் கோர்ட்டுல தமிழ் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்.

அவரு வக்கீல் என்னைக் கேள்வி கேக்க எழுந்தாரு. கையில தாள் கட்டு வெச்சிருந்தாரு. அந்தப் பொண்ணு எழுதிக்கினு போன நோட்டு அத்தனையும் அதுல இருந்திருக்கும். அவரு மட்டும் ஆரம்பிச்சிருந்தா நான் அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்க மாட்டேன், உளறிக் கொட்டியிருப்பேன். வேணும்னுதான் இருந்துச்சு எனக்கு, அடிச்சுப் புடுங்கட்டும்னு. செகண்ட் ஆபீசர் கூண்டுல இருந்த ஓட்டை வழியா அவரைக் கூப்புட்டு என்னமோ சொன்னாரு. வக்கீல் தலையை ஆட்டி மறுத்தாரு. இவரு திருப்பியும் சொன்னாரு. வக்கீல் உக்காந்துட்டாரு. ஜட்ஜம்மா நேரா அவரையே கேட்டாங்க, சாட்சியை நீங்க மறுக்கலியான்னு. அவரு கேமராவைப் பாத்தாரு, அதாவது என்னைப் பாத்தாரு. ஜட்ஜம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லியிருக்கலாம். தமிழ்லதான் சொன்னாரு.

"சாட்சி சொல்றது சரிதான்."

அவ்ளோதான், முடிஞ்சுது. நோட்டரி முத்திரை குத்தினாரு. வக்கீல் புக்கை என் கையில குடுத்துட்டு, இவ்ளோ தூரம் வந்துட்டோம், இங்க ஓட்டு போட்ட கல்வெட்டு இருக்குதாமே, அதைப் பாத்துட்டுப் போயிடலாம்னாரு. நான்தான் இட்டுகினு போனேன். யாரு சபையில உக்காரலாம், யாரு உக்காரக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே கல்லுல வெட்டி வெச்சிருக்கறதை அங்க இருந்த ஆளு வெளக்கினாரு. பாருங்க, எவ்ளோ ஒழுங்கு அப்பவேன்னு வக்கீல் போட்டோ புடிச்சுக்கினாரு. நான் வெளிய வந்து செவுத்தோரம் வாந்தி எடுத்தேன். வெயிலு ஒத்துக்கல போலன்னு தண்ணி வாங்கிக் குடுத்தாங்க.

ஆறு வருஷம் போட்டுட்டாங்க அவருக்கு. கம்பெனி என்னை ரெண்டு தபா கூப்புட்டுச்சு, நான் போகல. புக்கு பீரோல ரேஷன் கார்டுக்கு அடியில கெடக்குது. கோர்ட்டுல உண்மையைச் சொல்லிட்டியான்னு பொண்டாட்டி கேட்டா, சொல்லிட்டேன்னேன். அப்பறம் ஏன் ஆறு வருஷம்ன்னா. அவுங்க ஊர் சட்டம் அப்படின்னேன். ஏரிக்கரைல போயி உக்காந்துகினு தண்ணியைப் பாத்துகினே இருப்பேன். பேமானி, பாக்கவேண்டிய அன்னிக்குப் பாக்கல, இப்பப் பாரு.

போன மாசம் ஒரு நாள் காலைல வாசல்ல ஸ்கூட்டி சத்தம். எனக்குத் தெரிஞ்ச சத்தம். பின்வாசல் வழியா எழுந்து போயிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள பொண்டாட்டி வா வான்னு உள்ள கூப்புட்டுட்டா. மூஞ்சில காறித் துப்பட்டும், நல்லதுன்னு அப்படியே நின்னேன். அவ கைல ஒரு பை. அவுங்க நெலத்துக் கத்தரிக்கா. என் பொண்டாட்டி கையில குடுத்துட்டு என்னைப் பாத்துக் கும்புட்டா.

"அவரு போன்ல சொன்னாருணா. நீங்க நடந்ததை அப்படியே சொன்னீங்களாமே. அவுங்கதான் ஏத்துக்கலயாம். அண்ணா மேல ஒரு தப்பும் இல்ல, எதுனா ஒண்ணுன்னா அவருகிட்ட போய் நில்லுன்னாரு."

தீர்ப்பு அந்த நாட்டு பாஷைல கீது. அதை இவளுக்குப் படிச்சுச் சொல்ல அவரைத் தவிர யாரும் இல்ல. மாசத்துக்கு ஒரு தபா பத்து நிமிஷம் போன் குடுக்கறாங்க, அந்தப் பத்து நிமிஷத்துல என்னைக் காப்பாத்தியிருக்காரு. எதுக்கு? நான் உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ள போவோம்னு நெனைச்சாரா? தனியாக் கெடக்கற பொண்டாட்டிக்கு அரைமணி தூரத்துல ஒரு ஆளு வேணும்னு நெனைச்சாரா? இல்ல என்னைத் தண்டிக்கறதுக்கு இதைவுட நல்ல வழி இல்லன்னு நெனைச்சாரா? அவரு அப்படி நெனைக்கற ஆளு இல்ல. அதான் தாங்கல.

ஏரி ரொம்பிச்சான்னு உங்களைக் கேக்கச் சொன்னாருணான்னா. முக்கா ஏரிதான்னு சொல்லும்மான்னேன்.

போறதுக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கினு, திரும்பி நின்னா. வக்கீல் அப்பீல் போட்டிருக்காராம். புது ஜட்ஜாம். சாட்சியை இன்னொரு தபா கூப்புடுவாங்களாம். அன்னிக்குச் சொன்னதையே ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்கணா, இந்த ஜட்ஜாவது கேப்பாங்கன்னா. அந்த எடத்துல அவ கால்ல வுழுந்திருக்கணும் நான். இல்லம்மா, நான்தாம்மா பண்ணேன்னு சொல்றதுக்கு மூணு வார்த்தை போதும். பொண்டாட்டி நின்னுகினு கீறா, அவ நின்னுகினு கீறா.

"சொல்றேம்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணுக்கு நான் குடுத்த வாக்குல பொய் ஆகாதது அது ஒண்ணுதான். கூப்புடுவாங்க. மறுபடி ஏதோ ஒரு மண்டபம், ஏதோ ஒரு ஏ.சி. ரூம். முப்பது கையெழுத்தையும் காட்டுவாங்க. என்னை எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்.

ஸ்கூட்டி போனதும் பொண்டாட்டி கத்தரிக்காயை அரிய ஆரம்பிச்சா. எவ்ளோ பிஞ்சா கீது பாரு, எவ்ளோ நல்ல பொண்ணுன்னா. மத்தியானம் கொழம்பு வெச்சா. எனக்குப் பசி இல்லன்னு சொல்லத் தெரியல. உக்காந்து சாப்ட்டேன்.